பச்சைக் கல்லுக்கு ஈரப் பஞ்சு

எங்கள் வீட்டில் யுரேனியம் இருந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எங்கள் குடியிருப்பின் செக்ரட்டரி அன்றைக்கே மீட்டிங் போட்டிருப்பார். படிக்கட்டில் யாரோ செருப்பு விட்டதற்கே வாட்ஸ்அப் குரூப்பில் வாரக்கணக்கில் புலம்பியவர் அவர். யுரேனியம் என்றால் மனிதர் தாங்கமாட்டார்.

அபிராமபுரத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். நான் மட்டும்தான். கணவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஒரே பிள்ளை வெளிநாட்டில். ஒருத்திக்கு மட்டும் ரசம் வைப்பது போல அலுப்பான காரியம் உலகத்தில் கிடையாது; கொஞ்சம் அசந்தால் ஈயச் சொம்பே உருகிவிடும். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ரிடயர் ஆனவள் நான். ஒரு காலத்தில் நாள் முழுக்க ஊரார் குரலைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு வருகிற பேச்சுத்துணை, மெயின் ரோட்டில் மெட்ரோவுக்குத் தோண்டுகிற மெஷின் சத்தம்தான். தனியாக இருப்பது பழகிவிடும் என்று துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பழகவில்லை. அதைச் சொன்னவர்கள் எல்லோரும் ஜோடியாக வந்திருந்தார்கள்.

கணவர் ஒரு கல்லூரியில் கனிமவியல் சொல்லிக் கொடுத்தவர். மற்ற வீடுகளில் கொலு பொம்மைகளை வைத்துப் பூட்டுகிற மாதிரி ஒரு கண்ணாடிக் கதவு போட்ட தேக்கு அலமாரி எங்கள் ஹாலில் உண்டு. அதில் முழுக்கக் கல். நவராத்திரிக்கு என் பொம்மைகளைப் பரண் மேலிருந்து இறக்க வேண்டும். அவர் கற்களுக்கு மட்டும் வருஷம் பூராவும் கொலு. இதைச் சொல்லி அவரிடம் நான் சண்டை போடாத நவராத்திரி இல்லை.

அந்தக் கற்களில் ஒன்றுதான் நான் சொல்ல வந்தது. கொய்யாப் பிஞ்சு அளவு இருக்கும். துருப்பிடித்த பழுப்பு நிறக் கல். அதன் ஒரு பக்கத்து விரிசலில் சின்னச் சின்னதாகப் பச்சைத் தகடுகள். ஒவ்வொன்றும் சதுரம், யாரோ அளந்து வெட்டின மாதிரி. உடைந்த பச்சைக் கண்ணாடி வளையலைப் பொறுக்கி ஒட்டி வைத்தது போல இருக்கும். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் அவருக்குக் கொடுத்தது. அங்கே ஏதோ பழைய வெள்ளிச் சுரங்கத்தில் எடுத்ததாம்.

அன்றைக்கு சாயங்காலம் என்னை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். இதற்குப் பெயர் ஜூனரைட். தாமிரம், யுரேனியம், ஆர்செனிக், அதோடு தண்ணீர், எல்லாம் சேர்ந்தது. ஆர்செனிக் என்றால் என்ன என்று கேட்டேன். பாஷாணம் என்றார். புதுப் பெண்டாட்டிக்கு மற்றவர்கள் புடவை வாங்கி வருவார்கள். என் வீட்டுக்காரர் பாஷாணமும் யுரேனியமும் கலந்த கல்லைக் கொண்டுவந்து காட்டினார். நான் முறைத்ததை அவர் கவனிக்கவே இல்லை. அவர்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். இது பூமியின் ஆழத்தில் பிறக்கிற கல் இல்லையாம். ஆழத்தில் பிறந்த மூலத் தாது மேலே வந்து, மழையும் காற்றும் பட்டுச் சிதைந்து, அந்தச் சிதைவு தண்ணீரில் கரைந்து வழிந்து, ஏதாவது ஒரு விரிசலில் மறுபடியும் படிந்தால் இது உண்டாகும். பக்கத்திலேயே பாஷாணம் கலந்த தாதுவும் தாமிரத் தாதுவும் அழுகிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் இதை இரண்டாம் நிலைக் கனிமம் என்பார்கள் என்றார். இரண்டாம் தாரமா என்று கேட்டேன். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அவரிடம் ஒரு ஊதா விளக்கு இருந்தது. ஹால் லைட்டை அணைத்துவிட்டு அந்த விளக்கைக் கல் கல்லாகக் காட்டுவார். இதே குடும்பத்தில் இன்னொரு கல் உண்டு, தாமிரத்துக்குப் பதிலாக அதில் கால்சியம். அது எலுமிச்சை மஞ்சளாக ஜொலிக்கும். இந்தப் பச்சைக் கல் மட்டும் இருட்டில் கம்மென்று இருக்கும். தாமிரம் அதை ஜொலிக்க விடாதாம். அழுத்தக்காரக் கல் என்று நான் பெயர் வைத்தேன். மேலே இருக்கும் தகடு நகம் பட்டால் கீறுகிற அளவுக்கு மெது, அப்பளம் மாதிரி ஏடு ஏடாகப் பிரியும், அதனால் அதிகம் தொடாதே என்றார். தொட்டால் கையை சோப்புப் போட்டு அலம்ப வேண்டும் என்றும் சொன்னார். எங்கள் வீட்டில் சாதம் தொட்ட கையைத் தண்ணீரில் நனைக்காமல் மோர்ப் பாத்திரத்தைத் தொடக்கூடாது. அதைப் பத்து என்போம். என் மாமியார் அந்த விஷயத்தில் போலீஸ். இனிமேல் கல்லும் பத்து என்று நான் அறிவித்தேன். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அந்தக் கல்லுக்கு அதுதான் சட்டம்.

போகிற போக்கில் அன்றைக்கு அவர் இன்னொன்றும் சொன்னார். இந்தக் கல்லில் தாதுப் படலங்களுக்கு நடுவில் தண்ணீர் இருக்கிறது. காய்ந்த காற்றில் கிடந்தால் அந்தத் தண்ணீரில் பாதி போய்விடும். போனால் அது வேறு கல், பெயரே மாறிவிடும். அவர் இதை சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு மட்டும் அது மனசில் தைத்துவிட்டது. பாஷாணத்தை மறந்துவிட்டேன், யுரேனியத்தை மறந்துவிட்டேன். தாகம் எடுக்கிற கல் என்பது மட்டும் நின்றுவிட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தெற்கு மாட வீதியில் வாங்கிய மல்லியை நான் எப்போதும் ஈரத்துணியில் சுற்றி டம்ளரில் வைப்பேன்; சாயங்காலம் வரை வாடாது. அதே கையோடு கொஞ்சம் பஞ்சை நனைத்துப் பிழிந்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கல்லுக்குப் பக்கத்தில் வைத்து மூடினேன். கல்லூரியிலிருந்து வந்து அதைப் பார்த்தார். டப்பாவைத் திறந்தார், மூடினார், என்னைப் பார்த்தார். நல்ல யோசனை என்றார். அவ்வளவுதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பத்தாவதில் சயன்ஸில் தட்டுத்தடுமாறிப் பாஸான நான், ஒரு புரொஃபசருக்குத் தோன்றாததைச் செய்துவிட்டேன்.

அப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கேற்றுவதற்கு முன்னால் பஞ்சை நனைப்பது என் வேலை. பிள்ளை பிறந்தபோது பிறந்த வீட்டிலிருந்து போன் பண்ணி ஞாபகப்படுத்தினேன். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால் அவர் அங்கேயே என்னைச் சீண்டுவார்: உன் கல்லுக்குத் தொண்டை வறண்டிருக்கும். அப்பளம் ஒரு மணி நேரத்தில் நமத்துப்போகிற இந்த ஊர்க் காற்றில் ஒரு கல் எப்படிக் காயும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் வேலையில் எனக்கு இருந்த ஒரே பங்கு அது. அதனால் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

அவருக்கு உடம்பு படுத்தியது ஒரு மழைக்காலத்தில். அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிள்ளை வந்து இருந்துவிட்டு லீவு முடிந்து கிளம்பிப் போனான். நான் அங்கேயே கிடந்தேன். நாற்காலியில் தூக்கம், கேன்டீன் இட்லியை ஒரு விள்ளல் வாயில் வைத்தால் இறங்காது. நர்ஸ் சொன்னாள், டாக்டர் சொன்னார், அவரும் சொன்னார்: ஆத்துக்குப் போய்க் குளிச்சு சாப்ட்டுட்டு வா. நான் நகரவில்லை. நீங்கள் வராமல் நான் அந்த வீட்டுக்குள் போகமாட்டேன் என்று பிடிவாதமாகச் சொன்னேன். என் பிடிவாதம் எங்கள் இரண்டு பக்கத்திலும் பிரசித்தம்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. காலையில் கொஞ்சம் தெளிவாக இருந்தார். என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்.

“பஞ்சு காஞ்சிருக்கும். போய் நனைச்சுட்டு வா. மெதுவா வா, அவசரம் ஒண்ணும் இல்லே.”

கல் என்றதும் எழுந்துவிட்டேன். ஆட்டோ பிடித்துப் பாலம் தாண்டி அபிராமபுரம் வந்தேன். பஞ்சை நனைத்தேன். வந்ததுதான் வந்தோம் என்று குளித்தேன், குக்கரில் கொஞ்சம் சாதம் வைத்து மோர் விட்டுப் பிசைந்து, மாவடுவோடு சாப்பிட்டேன். அத்தனை நாள் கழித்து முழு வயிற்றுக்குச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். தட்டை அலம்பிக்கொண்டிருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

அதற்கப்புறம் மூன்று வருஷமாக எனக்கு ஒரு குறை. யாரிடமும் சொல்லாத குறை. கூட வாழ்ந்த மனுஷர் கடைசியாக என்னிடம் பேசியது ஒரு கல்லைப் பற்றி. பக்கத்து ஃபிளாட் மாமிக்கு அவள் கணவர் கடைசியாகச் சொன்னது, கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன நல்ல வார்த்தை. பார்க்கிற போதெல்லாம் அதைச் சொல்லி அழுவாள். எனக்குச் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? பஞ்சு. பெண்டாட்டியை விடக் கல் ஒசத்தி. இப்படித்தான் நினைத்தேன், நினைத்து நினைத்து வயிறு எரிந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமைப் பஞ்சை விடவில்லை. அவர் கேட்டுக்கொண்ட கடைசிக் காரியம் அது. அவர் போகும்போது நான் பக்கத்தில் இல்லை என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே பதிலும் அந்தக் கல்தான்: அதையாவது சாகவிடாமல் வைத்திருக்கிறேன்.

இந்த வருஷம் பிள்ளை டிசம்பரில் குழந்தையோடு வருவதாகச் சொன்னான். பேத்தியை நான் வீடியோவில்தான் பார்த்திருக்கிறேன். பாட்டி என்றால் அவளுக்கு ஒரு நெற்றியும் பாதி மூக்குக் கண்ணாடியும்தான். போனை நான் அப்படித்தான் பிடிக்கிறேனாம். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் அவனுக்கு அலமாரி ஞாபகம் வந்துவிட்டது. நெட்டில் என்னத்தையோ படித்துவிட்டு அந்தப் பச்சைக் கல்லை அப்புறப்படுத்தினால்தான் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரமுடியும் என்றான். நீயும் இதே வீட்டில்தானே வளர்ந்தாய் என்றேன். அப்போது எனக்குத் தெரியாது, இப்போது தெரியுமே என்றான். அவன் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு வாரம் அலமாரிக்கு முன்னால் மோடாவைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பேத்தியா, கல்லா என்றால் யாராவது யோசிப்பார்களா? நான் யோசித்தேன். கல்லைக் கொடுத்துவிட்டால் வெள்ளிக்கிழமை எனக்கு என்ன மிச்சம் இருக்கும் என்று யோசித்தேன். அப்புறம் கணவர் வேலை பார்த்த டிபார்ட்மென்டுக்குப் போன் பண்ணி, கல் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். சொல்லும்போது குரல் சரியாக வரவில்லை. டெலிபோன் ஆபீஸ்காரிக்கு அது அவமானம்.

அவரிடம் படித்து, இப்போது அங்கேயே புரொஃபசராக இருக்கிற பெண் வந்தாள். ஐம்பதை நெருங்கும் வயசு, காட்டன் புடவை, தோளில் பெரிய பை. மெட்ரோ தடுப்புகளைச் சுற்றிச் சுற்றி வழி தப்பி வந்ததாகச் சொல்லிச் சிரித்தாள். காப்பி கொடுத்தேன். பையிலிருந்து கதிர்வீச்சை அளக்கிற ஒரு கருவியை எடுத்து ஹாலில் நின்றாள். எப்போதாவது ஒரு சொடக்குச் சத்தம் கேட்டது. அலமாரிக் கதவைத் திறந்து டப்பாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி படபடவென்று பொரிந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் அந்தக் கல் இவ்வளவு பேசும் என்று எனக்குத் தெரியாது. சின்னக் கல்தான், மூடி வைத்துத் தள்ளி இருந்தவரை உங்களுக்குப் பயமில்லை, ஆனால் குழந்தை நடமாடுகிற இடத்தில் வேண்டாம், நாங்கள் முறைப்படி வைத்துக்கொள்கிறோம் என்றாள்.

கையுறை போட்டுக்கொண்டு டப்பாவை எடுத்தாள். நான் அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: வெள்ளிக்கிழமை தவறாமல் பஞ்சை நனைக்க வேண்டும், சொட்டச் சொட்ட இருக்கக்கூடாது, பிழிந்து வைக்க வேண்டும், லீவு நாளென்று அலட்சியமாக விட்டுவிடக்கூடாது. அவள் தலையாட்டினாள். மூடியைத் திறந்து ஈரப் பஞ்சைப் பார்த்தாள். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கல்லைப் பார்த்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

“மேடம், இதுல காயறதுக்கு இனிமே ஒண்ணும் இல்ல,” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினாள். சதுரத் தகடுகள் கண்ணாடி மாதிரி தெளிவாக இல்லை; மங்கி, குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் விட்டிருந்தன. தண்ணீர் போனதும் படலங்கள் ஒன்றின் மேல் ஒன்று நெருங்கிவிடும், அப்புறம் ஈரத்தில் வைத்தாலும் அது பழையபடி உள்ளே போகாது என்றாள். இப்போது இதற்குப் பெயர் மெட்டாஜூனரைட். எப்போது மாறியது என்று கேட்டேன். உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே மாறியிருக்கும், சுரங்கத்திலிருந்து எடுத்துக் காய்ந்த இடத்தில் வைத்தால் இது பெரும்பாலும் நிற்பதில்லை என்றாள்.

அவருக்கு அது தெரியுமா என்று கேட்டேன். அவள் பூதக்கண்ணாடியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

“சார்தான் எங்களுக்கே சொன்னாரு. வருஷா வருஷம் இந்தக் கல்லத்தான் கிளாசுக்குக் கொண்டு வருவாரு, தண்ணி போய் மாறினதுக்கு உதாரணமா. அப்ப ஏன் சார் ஈரப் பஞ்சுன்னு நாங்க கேப்போம். வீட்ல இதுக்கு ஒரு டாக்டர் இருக்காங்க, வைத்தியத்த நிறுத்தினா கோச்சுப்பாங்கன்னு சொல்லிச் சிரிப்பாரு.”

வருஷத்தில் ஒரு நாள் அவர் அந்த டப்பாவை ஜோல்னாப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவது எனக்கு ஞாபகம் வந்தது. பத்திரமாகக் கொண்டுவாருங்கள் என்று வாசல் வரை போய்ச் சொல்லி அனுப்புவேன். அவர் ரொம்பப் பவ்யமாகத் தலையாட்டுவார். அங்கே ஒரு வகுப்பு முழுக்க என்னைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். முகம் ஜிவுஜிவு என்று சிவந்துவிட்டது. அவள் கல்லைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். பஞ்சையும் பழைய டப்பாவையும்கூட வீட்டில் விடக்கூடாது, பொடி ஒட்டியிருக்கும் என்று சொல்லித் தனி உறையில் போட்டுக்கொண்டாள். அலமாரித் தட்டை நனைத்துத் துடைத்தாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, சார் உங்களைப் பற்றிச் சொல்லாத கிளாஸே கிடையாது மேடம் என்றாள். கதவைச் சாத்திக்கொண்டேன்.

சாத்தினதும் வாய்விட்டுத் திட்டினேன். அலமாரியில் சட்டம் போட்டு வைத்திருந்த அவர் படத்தைப் பார்த்தே திட்டினேன். ஏன்னா, செத்த கல்லுக்கா என்னைத் தண்ணி விடச் சொன்னேள்? நான் முட்டாளாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்றா விட்டேள்? பிள்ளை பெற்ற உடம்போடு போன் பண்ணினேனே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் படத்தில் மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் பவ்யமாக இருந்தார். அப்படி இருந்தால் மேலும் கோபம் வரும் என்று அவருக்குத் தெரியும், உயிரோடு இருந்தபோதும் அதைத்தான் செய்வார்.

கத்தி ஓய்ந்து, கையை சோப்புப் போட்டு அலம்பினேன். கல் போய்விட்டது, பத்து மட்டும் போகவில்லை. பைப்படியில் நிற்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது. அன்றைக்கும் இங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், தட்டோடு.

கல்லுக்குத் தண்ணீர் தேவையில்லை என்று அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோதும் தெரியும். போய்ச் சாப்பிட்டுவிட்டு வா என்று எத்தனை தடவை சொல்லியும் நான் அசையவில்லை. கல்லுக்கு என்றால் எழுந்துவிடுவேன் என்பதும் தெரியும். பஞ்சை நனைக்கிற அடுப்படியில்தான் குக்கர் இருக்கிறது, வந்தால் கொஞ்சம் சாதம் வைத்துச் சாப்பிடாமல் திரும்பமாட்டேன் என்றும் கணக்குப் போட்டிருப்பார். மெதுவா வா, அவசரம் ஒண்ணும் இல்லே. தன் நேரம் எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்திருந்ததா, எனக்குத் தெரியாது. யாரைக் கேட்பது? ஆனால் அவர் கடைசியாகப் பேசியது கல்லைப் பற்றி இல்லை. மூன்று வருஷமாக நான்தான் அப்படிக் காதில் வாங்கிக்கொண்டிருந்தேன்.

சிங்க்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் போன அன்றைக்கு வீடு நிறைய ஆள் இருந்தது, அப்போது சரியாக அழ முடியவில்லை.

சாயங்காலம் பிள்ளைக்குப் போன் பண்ணிக் கல் போய்விட்டது, டிக்கெட் எடு என்றேன். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது, சாப்பிட்டாயா என்று கேட்டான். சாப்பிட்டேன் என்று அவனிடம் சொன்னேன். அந்தப் பதிலை நான் சொல்லியிருக்க வேண்டியது அவன் அப்பாவிடம். நன்றாகச் சாப்பிட்டேன், மாவடுவோடு, இரண்டாவது தடவை மோர் விட்டுக்கொண்டு. அதைக் கேட்கத்தான் அவர் என்னை அனுப்பினார். நான் திரும்பிப் போய்ச் சொல்வதற்குள் அவர் இல்லை.